உடன் வந்தவர் சொன்ன பதில்

"மறுபடியும் சொல்லு," என்றாள் மாமியார். "வீட்ல நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குதா?"

"கிடைக்குது அத்தை."

"கிடைக்குதூன்னு இழுக்காதே. இழவு வீட்ல பதில் சொல்ற மாதிரி இருக்கு. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டுச் சொல்லு."

சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சின்ன மருமகள் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்த வீக்கம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே முகம் குப்புறக் குழாயடியில் விழுந்திருந்தாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அவளை எழுப்பிவிட்டது மனிதர்கள் இல்லை, நிரம்பி வழிந்த வாளித் தண்ணீர்தான். எழுந்து மிச்சப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள். இந்தத் தடவை ரத்தம் வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, அவள் விழுந்ததில் பாத்திரங்கள் உருண்டு சிதறிய சத்தம் கேட்டு, எதிர்வீட்டுத் தையல்காரர் பெண்டாட்டி தெருவைத் தாண்டி ஓடிவந்து "ஐயையோ!" என்று கத்திவிட்டாள். இனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் தப்பிக்க முடியாது.

அந்த வீட்டில் அவளைச் 'சின்னவள்' என்பார்கள். இரண்டாவது மகனைக் கட்டிக்கொண்டு வந்ததால் வந்த பெயர். இரும்புச் சாமான் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து அந்த மகன் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இரும்புக்கடையில் பாதி அவனுடையது. அந்தப் பாதி இப்போது எங்கே என்று கேட்க அவளைப் பெற்றவர்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அவர்களும் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் ஏழு வயிறு. மாமியார், மூத்த மகன், அவன் மனைவி, அவர்கள் பிள்ளைகள் மூன்று, ஏழாவது சின்னவள். ஏழு பேருக்கு உலை வைத்து, அது ஆறு பேருக்கு மட்டும் சரியாகப் போதும்படி அளந்து போடுவது லேசான காரியம் இல்லை. தராசு வைத்தாலும் வராது. மாமியாருக்கு அது கைப்பழக்கத்தில் வந்தது. அந்த வித்தைக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்திருந்தால் அவள்தான் துணைவேந்தர். 'புருஷன் போனவளுக்கு நாக்கு எதுக்கு?' என்பது அவள் கொள்கை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரங்கள் பின்கட்டுக்குப் போகும். அதில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சின்னவளின் பங்கு. சாமான் அறைச் சாவி எப்போதும் மாமியாரின் இடுப்பில் இருக்கும். அவள் தூங்கும்போதும் அது தூங்காது.

இப்படிப்பட்ட வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்திகை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருந்தது. ஆறு மாதமாக அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு. காய்ச்சலோ கால்வலியோ, யார் எதற்கு வந்தாலும் சரி, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பன்னிரண்டு கேள்வி கேட்பார்கள். வயிறு நிறையச் சாப்பிடுகிறீர்களா, இருக்க இடம் இருக்கிறதா, மருந்து வாங்க வந்துபோக வழி உண்டா, மனசு விட்டுப் பேச ஆள் உண்டா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா, இப்படி. வியாதி உடம்பிலிருந்து மட்டும் வருவதில்லை, வீட்டிலிருந்தும் வருகிறது என்று யாரோ ஒரு நல்ல டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதன் விளைவு.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது யார் தெரியுமா? சின்னவளின் கணவனுடைய அண்ணன்தான்! ஊர் அவரைத் 'தலைவர்' என்று கூப்பிட்டது. ஆஸ்பத்திரி நலக்குழுவுக்குத் தலைவர், கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர், தண்ணீர்த் தொட்டி பராமரிப்புக் குழுவுக்கும் தலைவர். மைக் என்றால் அவருக்கு உயிர். தெருவில் ஐஸ் விற்கிறவனின் ஒலிபெருக்கியைக் கண்டால்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். தொடக்க விழாவில் அவர் பேசிய பேச்சில் பந்தல் இரண்டங்குலம் மேலே எழும்பியதாகச் சொல்வார்கள். "பசிக்கு வெட்கம் கிடையாது! கொடுக்கிற கைக்கு வாங்குகிற முகம் தெரியக்கூடாது!" என்று முழங்கினார். அதன்படியே சட்டமும் போட்டார். தேவை உள்ளவர்களின் பட்டியல் அவருக்கு வரும்போது அதில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். விலாசம் வேன் டிரைவரின் சீட்டில் மட்டும் இருக்கும். தலைவர் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை வேனில் அரிசி பருப்பு மூட்டை போகும். அவரும் கூடப் போவார். போட்டோக்காரரும் போவார். வாங்குகிறவரின் மானம் போகக்கூடாது என்பதால் போட்டோவில் அவர்களுடைய கை மட்டும்தான் விழும். கொடுக்கிறவர் முழுசாக விழுவார்.

அந்தத் தலைவரின் வீட்டுப் பெண் அந்தக் கேள்விகளுக்கு முன்னால் போய் உட்காரப் போகிறாள். மாமியார் ஒத்திகை பார்க்காமல் என்ன செய்வாள்?

"சரி, அடுத்தது. மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?"

சின்னவள் நெற்றி வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லேண்டி!"

"யாரைச் சொல்லணும் அத்தை?"

மாமியாரும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் யாரும் தட்டுப்படவில்லை. "நீ வாயைத் திறக்கவே வேண்டாம். நான் கூட வர்றேன், நானே சொல்லிக்கிறேன். கிளம்பு," என்றாள்.

*

கேள்வி கேட்கிற அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் 'கேள்வியம்மா'. கவுண்டருக்குப் பின்னால் மூக்கின் நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பாள். 'வீட்டில் யாராவது அடிக்கிறாங்களா' என்பதை 'அடுத்த பஸ் எத்தனை மணிக்கு' என்கிற குரலில் கேட்பாள். வரிசையில் நாற்பதாவது ஆளுக்கும் காதில் விழும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. கேள்வி நோயாளிக்கு, பதில் உடன் வந்தவருக்கு. அப்பாவுக்கு மகன் சொல்வான், மாமனாருக்கு மருமகள் சொல்வாள். நோயாளி வாயைத் திறப்பது தெர்மாமீட்டருக்கு மட்டும்தான். போன மாதம் கை முறிந்து வந்த ஒருத்திக்கு அவள் புருஷனே பதில் சொன்னான்: "எங்க வீட்ல யாரும் யாரையும் அடிக்கிறதில்லீங்க." கேள்வியம்மா அதையும் எழுதிக்கொண்டாள். இப்படியே ஆறு மாதம் ஓடியதில் ஒரு பேருண்மை தெரியவந்தது. கூட ஆள் இல்லாமல் வந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஊரில் பசி இருந்தது. சொந்தபந்தத்தோடு வந்த ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. தலைவர் அதையும் ஒரு மேடையில் பெருமையாகச் சொல்லியிருந்தார், குடும்பம் என்றால் சும்மாவா என்று.

"சாப்பாடு போதுமான அளவு கிடைக்குதா?" என்று ஆரம்பித்தாள் கேள்வியம்மா.

"கிடைக்காம? நான் யார் தெரியுமில்ல? தலைவரோட அம்மா. இது என் மருமக," என்றாள் மாமியார்.

கேள்வியம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். முதுகு தானாக நிமிர்ந்தது. "வணக்கம்மா. இருக்க இடம்?"

"மாடி வீடு."

"பேச ஆளு?"

"வீடு பூரா ஆளு. அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."

சின்னவள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு கேள்வியும் மூன்று நிமிஷத்தில் முடிந்தன. 'குறை இல்லை' என்கிற கட்டத்தில் பன்னிரண்டு டிக். மாமியார் கீழே தன் கையெழுத்தையும் கோணல் மாணலாகப் போட்டுக்கொடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். பெரிய பாலத்தைக் கட்டி முடித்த பொறியாளரின் பெருமூச்சு.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. அந்த அறைக்குள் உடன் வந்தவருக்கு அனுமதி இல்லை. ஊசியைப் பார்த்து நோயாளியைவிட அவர்கள்தான் அதிகம் மயங்கி விழுகிறார்களாம். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ரத்தம் எடுக்கிறவர் சின்னவளின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினார், தட்டினார், மறுபடி தேடினார். "எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்றார்.

ஒருவழியாக எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போது கேள்வியம்மா கையில் அந்தக் கேள்விப் படிவத்தோடு உள்ளே வந்தாள். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா. நோயாளி போட வேண்டிய இடத்துல உங்க மாமியார் போட்டுட்டாங்க."

சின்னவள் தாளை வாங்கினாள். பள்ளிக்கூடம் முடித்தவள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"இது யாரோட பாரம்?"

"உங்களோடதுதான்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே?"

"கூட வந்தவங்க சொன்னாங்கல்ல."

"அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அது நெசந்தான்," என்றாள் சின்னவள். தாளைத் திருப்பி நீட்டினாள். கையெழுத்துப் போடவில்லை. "என்னைக் கேளுங்க."

கேள்வியம்மா கதவைப் பார்த்தாள். அப்புறம் ரத்தம் எடுக்கிறவரைப் பார்த்தாள். அவர் திடீரென்று அலமாரியில் பஞ்சை எண்ண ஆரம்பித்தார்.

"அம்மாடி, என் வேலையே உங்க தலைவர் கையிலதான் இருக்கு. வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நீட்டிப்பாங்க. எனக்கும் வீட்ல அடுப்பு எரியணும்."

"என் பேரைப் பார்த்தா அவர் போட மாட்டாரு."

"பேரு வராது. நம்பர்தான் வரும்..." என்று சொல்லிக்கொண்டே வந்த கேள்வியம்மா பாதியில் நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவள் கண் ஒரு தடவை மின்னியது. "அது அவரே போட்ட சட்டம்," என்றாள்.

புதுத் தாள் ஒன்று எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை பஸ் நேரம் கேட்கிற குரல் இல்லை.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"காலையில தண்ணி. மத்தியானம் பாத்திரத்துல ஒட்டியிருந்தது. ராத்திரி கடைக்குட்டி அரை ரொட்டி மிச்சம் வெச்சிருந்தான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அவன் நல்ல பையன். சில நாள் வேணும்னே மிச்சம் வெப்பான்."

கேள்வியம்மா எழுதினாள். பேனா இரண்டு தடவை நின்றது.

"பேச யாராவது?"

"வாளிதான். அதுவும் நிரம்பினா சத்தம் போடும், நிறுத்தச் சொல்லி."

எட்டாவது கேள்வியில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "ரத்தம் எடுக்கறாங்களா, கிணறு வெட்டறாங்களா? எவ்வளவு நேரம்?" என்றது மாமியாரின் குரல். மிச்ச நான்கு கேள்வியும் நின்றுபோயின. சின்னவள் கையெழுத்துப் போட்டாள். கேள்வியம்மா ஒரு எண்சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். நூற்று நாற்பத்தேழு.

டாக்டர் ரத்த முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரத்தம் பாதிதான் இருக்கு. இரும்புச்சத்து சுத்தமா இல்ல." ஊருக்கெல்லாம் இரும்பு விற்கிற வீட்டில் ஒருத்தி உடம்பில் மட்டும் இரும்பு இல்லை! மாத்திரை எழுதினார். "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு."

"ஆகட்டும் டாக்டர்," என்றாள் மாமியார்.

அன்றிலிருந்து நான்கு நாள் மாத்திரை மட்டும் வேளை தவறாமல் கிடைத்தது.

*

சனிக்கிழமை வேனுக்குள் நடந்ததை டிரைவர் பிறகு தெரு முழுக்க ஒப்பித்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமாக. அவர் வேலைக்குப் புதிது. தலைவர் எப்போதும் கடை வாசலில் ஏறி கடை வாசலில் இறங்குகிறவர். தலைவரின் வீடு எங்கே என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்?

பத்து மூட்டை கொடுத்தாகிவிட்டது. பதினோராவதுதான் கடைசி. "ஐயா, இது இரும்புக்கடைக்குப் பின்னாடி தெருவுங்க," என்று சீட்டைப் பார்த்துச் சொன்னார் டிரைவர்.

"எங்க தெருவா?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த வீடு?"

"நம்பர் வந்து..."

"இரு, இரு. நீ என்ன சொல்றது? எனக்குத் தெரியாதா எங்க தெருவுல எவன் வயிறு காயுதுன்னு? தையல்காரன் வீடுதான். ரெண்டு மாசமா அவன் மெஷின் சத்தமே கேக்கல. பேசாம போ."

சொந்தத் தெருவில், சொந்தக் கையால், எதிர்வீட்டுக்காரனுக்கு! தலைவர் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டார். போட்டோக்காரரிடம் சட்டை மடிப்பைச் சரிபார்க்கச் சொன்னார். பேச்சின் முதல் வரியைக்கூட மெல்ல முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

வாசற்படியைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவள் வேன் சத்தத்தைக் கேட்டதும் துணியைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேன் நின்றது. தலைவர் இறங்கினார். மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பின்னால் போட்டோக்காரர் ஓட, எதிர்வீட்டுப் படியேறினார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா! அங்க இல்லீங்க!" என்று கத்தினார் டிரைவர். "இந்தாண்ட வீடு! பதினேழு!"

தலைவர் திரும்பினார். டிரைவரின் விரல் அவருடைய சொந்த வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் அப்போது விழுந்த அமைதியை வெட்டியெடுத்துச் செங்கல்லாக அடுக்கியிருக்கலாம். முதலில் வாயைத் திறந்தவர் தையல்காரர்தான். அவர் சிரிக்கவில்லை; சிரிக்காமல் சொன்னதுதான் கொடுமை.

"உங்களுக்குத்தான் வந்திருக்கு அண்ணே. வாங்கிக்கோங்க, கூச்சப்படாதீங்க. பசிக்கு வெட்கம் கிடையாதுன்னு நீங்கதானே மைக்ல சொன்னீங்க?"

"டேய், என்ன சீட்டுடா அது? எவன் எழுதினான்?" என்று டிரைவர் மேல் பாய்ந்தார் தலைவர்.

"நூத்தி நாப்பத்தேழுக்கு நீங்கதாங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்று டிரைவர் பட்டியலைக் காட்டினார். கொடி கட்டிப் பறந்தது அந்தக் கையெழுத்து.

சின்னவள் படியிறங்கி வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினாள். "நூத்தி நாப்பத்தேழு என்னோட நம்பருங்க," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் திறந்திருந்த ஜன்னல்களுக்கெல்லாம் கேட்டது.

தலைவர் அவளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மூட்டை அவர் கையிலிருந்து அவள் கைக்கு எப்படிப் போனது என்று அவருக்கே நினைவில்லை. போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார். சட்டப்படி வாங்குகிறவளின் கை மட்டும்தான் அதில் விழுந்தது. சாம்பலும் சோப்பும் தின்று, நகக்கண்ணெல்லாம் வெடித்த அந்தக் கையைப் பார்த்து யாருடையது என்று தெருவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கதவு சாத்தியதும் மாமியார் முதலில் செய்த காரியம் மூட்டையைப் பிடுங்கிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டியதுதான். ஆத்திரம் அதற்கு அப்புறம்தான் வந்தது. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"உண்ட வீடா அத்தை?" என்றாள் சின்னவள்.

மூத்த மருமகள் சமையலறைக்குள் நழுவிவிட்டாள். தலைவர் கத்தவில்லை. மைக் இல்லாத இடத்தில் அவர் குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் குரலிடம்தான் பயம். "திங்கட்கிழமை என்கூட வர்றே. மயக்கத்துல என்னென்னவோ உளறிட்டேன்னு உன் வாயால சொல்றே. அந்தப் பாரத்தைக் கிழிக்கிறோம். இல்லேன்னா உன் பெட்டி வாசல்ல இருக்கும். போறதுக்கு உனக்கு எங்க இடம் இருக்குன்னு யோசிச்சு வெச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அப்படி ஒரு இடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. வழக்கமாகவும் பேசுவதில்லை என்பதால் தண்டனை கொடுத்ததே அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் மாமியார் மூட்டையைப் பிரித்து அந்த அரிசியைத்தான் சமைத்தாள். நல்ல அரிசி, பொலபொலவென்று வந்தது. அளவு ஆறு பேருக்கு.

*

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. தலைவருக்கு வரிசை கிடையாது. அம்மாவும் அவரும் இரண்டு பக்கமும் நடக்க, நடுவில் சின்னவள் போனதைப் பார்த்தால் யாரோ முக்கியமானவளைப் பாதுகாப்போடு அழைத்துப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு," என்றார் தலைவர் கவுண்டரில், கேள்வியம்மாவை முறைத்துக்கொண்டே. "இந்தப் பொண்ணு மயக்கத்துல ஏதோ சொல்லியிருக்கு. நூத்தி நாப்பத்தேழு. அதை ரத்து பண்ணுங்க."

கேள்வியம்மா இழுப்பறையைத் திறந்தாள். பாரத்தைத் தேடி எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். 

"பண்ணலாம் ஐயா. நோயாளி வாயால சொல்லணும். விதி." சின்னவள் பக்கம் திரும்பினாள். "மூட்டை கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது, கிடைச்சுது," என்றாள் மாமியார்.

"நோயாளி சொல்லணும்மா."

சின்னவள் நிமிர்ந்தாள். 

"வீட்டுக்கு வந்துச்சு. எனக்கு வரலை," என்றாள். "மறுபடி எழுதுங்க."

"ஏய்!" என்றார் தலைவர்.

"இருக்க இடம் இருக்காம்மா?"

"போன வாரம் இருந்துச்சு. இப்ப இந்தப் பாரத்தைக் கிழிச்சாத்தான் இருக்கும்னு சொல்லியிருக்காங்க. அதை எப்படி எழுதணுமோ அப்படி எழுதிக்கோங்க."

பேனா ஓடியது. ஒன்பது, பத்து, பதினொன்று. தலைவர் குனிந்து, "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றார். குரலில் தேன் சொட்டியது. "எழுதி முடிக்கட்டும் மாமா," என்றாள் சின்னவள்.

"கடைசிக் கேள்வி. இதுக்குக் கூட வந்தவங்க வெளிய இருக்கணும்," என்றாள் கேள்வியம்மா.

"வேண்டாம். அவங்க இருக்கும்போதே கேளுங்க."

"வீட்ல உங்களை யாராவது பயமுறுத்தறாங்களா?"

"ஆமா."

"யாரு? உறவுமுறை சொல்லணும்."

"என் வீட்டுக்காரரோட அண்ணன்."

கேள்வியம்மா எழுதினாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "பெண்கள் பகுதிக்குப் பின்னாடி ஒரு அறை இருக்கும்மா. நாலு கட்டில். போக இடமில்லாதவங்களுக்கு ஒரு வாரம் தரலாம், மூணு வேளை சாப்பாட்டோட. ஒரு வாரம்தான். அதுக்கு மேல என்னன்னு எனக்கும் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

"ஒரு வாரம் போதும். கடையில பாதியைப் பத்தி யார்கிட்ட கேக்கணும்னு விசாரிக்க எனக்கு ஒரு வாரம் வேணும்," என்றாள் சின்னவள்.

"ஆனா கட்டில் தரணும்னா நலக்குழுத் தலைவர் கையெழுத்து வேணும்," என்ற கேள்வியம்மா, தாளைக் கவுண்டரின் மறுபக்கம் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தாள். "நல்லவேளை, ஐயா இங்கேயே இருக்கீங்க. பேனா எழுதலைன்னா மை டப்பாவும் இருக்கு, கைநாட்டு வெச்சுக்கலாம்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சீக்கிரம் போடுங்க தலைவரே, பின்னாடி ஆளுங்க நிக்கறோம்ல!" என்று ஒரு குரல் வந்தது. நாற்பது நோயாளிகள், அவர்களுக்குப் பதில் சொல்ல வந்த நாற்பது பேர், எண்பது பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். போடாவிட்டால், போக இடமில்லாதவளுக்குக் கட்டில் தராத தலைவர். போட்டால், அவளுக்குப் போக இடமில்லை என்று ஒப்புக்கொண்ட தலைவர். வழக்கமாக அரைப்பக்கம் ஓடுகிற கையெழுத்து அன்று தாளின் ஒரு மூலையில் செத்த எறும்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே ஒன்றும் புரியாத திகைப்புதான் இருந்தது.

"அப்ப வீட்ல பாத்திரமெல்லாம் யாருடா கழுவறது?" என்றாள்.

சின்னவள் அதற்குள் நர்ஸோடு நடக்க ஆரம்பித்திருந்தாள். நான்கு கட்டிலில் எது காலியாக இருக்கிறது, சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே போனாள்.